அட்டவணை ஏன் கலைகிறது? – 'திறந்த சீர்தரம்' என்ற முத்திரை பற்றி

"லிப்ரே ஆபீஸ்ல திறந்தா அட்டவணை எல்லாம் கலைஞ்சு போகுதுங்க. அதான் பழையபடி வேர்டுக்கே போயிட்டோம்."

கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வரி எங்கிருந்தாவது வந்து விழும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, அட்டவணை கலையத்தான் செய்கிறது. ஆனால் யாருடைய குறை அது என்ற இடத்தில் நம்மில் பெரும்பாலோர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: இலவசமாகக் கிடைப்பது அப்படித்தான் இருக்கும். அந்த முடிவைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்கப் போகிறேன். இதற்குப் பின்னால் ஜெனீவா வரைக்கும் போய் வந்த ஒரு கதை இருக்கிறது. இந்தியாவுக்கும் அதில் ஒரு பங்குண்டு, பலருக்கு அது தெரியாது.

சீர்தரம் என்றால் என்ன என்பதை முதலில் எளிதாகச் சொல்லிவிடுகிறேன். நட்டும் போல்ட்டும் வேறு வேறு கடையில் வாங்கினாலும் பொருந்துகிறதே, அதுதான். புரியின் அளவு ஊரறிய எழுதப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் அந்த அளவில் செய்து விற்கலாம். கோப்பு வடிவத்துக்கும் இதே கதைதான். தலைப்பு எங்கே தொடங்குகிறது, பத்தி எங்கே முடிகிறது, அட்டவணைக் கட்டத்தின் அகலம் என்ன என்பதையெல்லாம் கோப்புக்குள் எப்படி எழுதி வைப்பது என்று பொதுவில் வகுத்துவிட்டால், எந்த மென்பொருளிலும் அதைத் திறக்கலாம். 1990களில் உலகம் முழுக்கப் பரவிய வேர்டின் பழைய 'டாக்' வடிவம் இப்படிப்பட்டதல்ல. பல ஆண்டுகள் அதன் அமைப்பு மைக்ரோசாஃப்ட்டுக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். மற்றவர்கள் கோப்பைப் பிரித்துப் பார்த்து ஊகித்துத்தான் எழுதினார்கள். அந்த வடிவத்தின் விவரக்குறிப்பை அது எல்லாரும் எளிதாக எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது 2008 பிப்ரவரியில். அதற்குள் அந்த வடிவத்தின் காலமே முடியத் தொடங்கியிருந்தது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஓ.டி.எஃப். ஓபன் ஆபீஸின் கோப்பு வடிவத்திலிருந்து வளர்ந்தது. 2005 மே மாதம் ஒயாசிஸ் அமைப்பின் சீர்தரமானது, 2006இல் ஐ.எஸ்.ஓ. 26300 என்ற எண்ணோடு பன்னாட்டுச் சீர்தரமும் ஆனது. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் ஆவணங்களை இனி இந்த வடிவில்தான் வைப்பது என்று முடிவெடுத்தது. ஒரு மாநில அரசின் கோப்பு வடிவம் பெரிய நிறுவனங்களின் தலைவலியாக மாறியது அப்போதுதான். அரசு ஒரு வடிவத்தைச் சொன்னால் அரசுக்கு எழுதுகிறவர், அரசோடு தொழில் செய்கிறவர் என்று அத்தனை பேரும் அதற்கு மாறியாக வேண்டும். ஆபீஸ் தொகுப்பின் வியாபாரமே "மத்தவங்க எல்லாம் இதுலதான் அனுப்புறாங்க" என்ற ஒற்றைக் காரணத்தில் நின்றுகொண்டிருந்தது.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓ.டி.எஃப்பை ஏற்றுக்கொண்டு போட்டி போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் தன் ஆபீஸின் உள் அமைப்பை எக்ஸ்.எம்.எல்லில் எழுதி, 'ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல்.' என்று பெயர் வைத்து, எக்மா என்ற அமைப்பின் வழியாக 2006 டிசம்பரில் அதையும் ஒரு சீர்தரமாக்கியது. பெயரிலேயே 'ஓபன்' இருக்கிறது பாருங்கள்! பிறகு விரைவுப் பாதை வழியாக அதை ஐ.எஸ்.ஓ.வுக்கு அனுப்பியது. ஆவணத்தின் நீளம் 6,000 பக்கத்துக்கும் மேல். ஓ.டி.எஃப். 700 சொச்சம் பக்கம். ஐந்து மாத வாக்கெடுப்புக் காலத்தில் ஒவ்வொரு நாட்டின் குழுவும் இதைப் படித்துச் சரிபார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். தினமும் 40 பக்கம் விடாமல் படித்தால்தான் ஒரு தடவையாவது முடியும்.

நீளம்கூடப் பரவாயில்லை, உள்ளே என்ன இருந்தது என்பதுதான் விஷயம். 'ஆட்டோஸ்பேஸ்லைக்வேர்ட்95' என்று ஓர் அமைப்பு. பொருள்: வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டதோ அப்படி விடு. சரி, வேர்ட் 95 எப்படி விட்டது? முதலில் வந்த ஆவணத்தில் அதற்கு விளக்கம் இல்லை. அந்த நடத்தையைப் பின்பற்ற விரும்பினால் அந்தப் பழைய மென்பொருளைப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்கிற தோரணைதான். புரியின் அளவைச் சொல்லாமல் "எங்க கடை போல்ட் மாதிரியே செய்" என்று எழுதிவிட்டு அதைச் சீர்தரம் என்றால் எப்படி?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. எக்செல்லில் 1900 ஒரு லீப் ஆண்டு! பிப்ரவரி 29, 1900 என்ற நாள் வரலாற்றில் கிடையாது, எக்செல்லில் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளில் இருந்த பிழை இது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அதைத் தெரிந்தே சுவீகரித்துக்கொண்டது. வியாபார மென்பொருளில் அது நியாயமான முடிவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிழையை உலகம் முழுமைக்குமான விதியாக எழுதி வைத்தார்களே, அதுதான் தாங்கவில்லை. இனி புதிதாக விரிதாள் எழுதுகிற ஒவ்வொருவரும் இல்லாத ஒரு நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாக்கெடுப்பு நடந்த விதத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். ஸ்வீடனில் வாக்களிக்கும் கூட்டத்துக்குச் சற்று முன்னால் 20க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் புதிதாகக் குழுவில் சேர்ந்தன, பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் வணிகக் கூட்டாளிகள். ஆதரவு தீர்மானம் நிறைவேறியது. கூட்டாளிகளுக்கு ஈடாக ஏதோ செய்து தருவதாக நிறுவன ஊழியர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியது பிறகு வெளியே வந்தது. நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டு, அது ஒரு தனி ஊழியரின் தவறு என்றது. கடைசியில் ஒரு உறுப்பினர் ஒன்றுக்கு மேல் வாக்களித்தார் என்ற காரணத்தால் ஸ்வீடனின் தரநிறுவனம் அந்த வாக்கையே செல்லாது என்று அறிவித்தது. வேறு பல நாடுகள், அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவை, இந்த ஒரு வாக்குக்காக முழு உறுப்பினராகச் சேர்ந்தன. வந்த வேலை முடிந்ததும் மற்ற வாக்கெடுப்புகளுக்கு அவை பதிலே அனுப்பவில்லை. குறைந்தபட்ச வாக்கு எண்ணிக்கை கிடைக்காமல் அந்தத் துணைக்குழுவின் மற்ற வேலைகள் சில மாதங்கள் முடங்கிக் கிடந்தன. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கிளம்பிய கூட்டம் மாதிரி.

அவ்வளவு செய்தும் 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். தோற்றது. முழு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைத்தது 53 சதவீதம். தொகுதி தொகுதியாகக் கருத்துகள் வந்தன. அவற்றுக்கு எக்மா தந்த 1,027 பதில்களை விவாதிக்க 2008 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்து நாள் கூட்டம். ஐந்து நாளில் ஆயிரம் விஷயம்! கையில் எடுக்க முடிந்தது கொஞ்சம்தான். மிச்சமிருந்த பெரும்பகுதிக்கு விவாதமே இல்லாமல் மொத்தமாக ஒரு வாக்குச்சீட்டு. அதன் பிறகு பல நாடுகள் தங்கள் நிலையை மாற்றிக்கொண்டன, 2008 ஏப்ரலில் 75 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. நார்வேயில் வல்லுநர் குழுவின் பெரும்பான்மை எதிர்த்தும் நாட்டின் வாக்கு 'ஆம்' என்று போனது. அதே ஆண்டு அந்தக் குழுவின் 23 பேரில் 13 பேர் விலகினார்கள்.

இந்தியா இரண்டு முறையும் 'இல்லை' என்றே வாக்களித்தது. பின்னர் தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுவேலா ஆகிய நாடுகளோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. அது தள்ளுபடியானது. ஆனால் இந்தியத் தர அமைவனத்தின் குழு ஒன்று உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் அழுத்தத்தை எதிர்கொண்டு தொழில்நுட்பக் காரணம் காட்டி இரண்டு முறை மறுத்திருக்கிறது. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் இது எவ்வளவு பேசப்பட்டது? கிரிக்கெட் வாரியத் தேர்தலுக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அட்டவணைக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. ஏற்றுக்கொண்ட வடிவம் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று 'ஸ்ட்ரிக்ட்', பழைய குப்பைகள் நீக்கப்பட்டது. மற்றொன்று 'டிரான்சிஷனல்', பழைய கோப்புகளை மாற்றிக்கொள்ளும் வரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும் என்று விடப்பட்டது. புதிய கோப்புகள் முதல் வகையில் எழுதப்படும் என்பதுதான் நாடுகளுக்குத் தரப்பட்ட நம்பிக்கை. நடந்தது? ஆபீஸ் 2010 ஸ்ட்ரிக்ட்டைப் படித்தது, எழுதவில்லை. ஆபீஸ் 2013இல் எழுதும் வசதி வந்தது, ஆனால் 'சேவ் ஆஸ்' பட்டியலில் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாகச் சேமித்தால் இன்றைக்கும் டிரான்சிஷனல்தான். ஜெனீவா கூட்டத்தை நடத்திய அலெக்ஸ் பிரவுனே 2010இல், மைக்ரோசாஃப்ட் இந்தச் சோதனையில் தேறவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அவர் ஓ.டி.எஃப். கட்சிக்காரர் அல்ல என்பதால் அந்த விமர்சனத்துக்கு எடை அதிகம்.

ஆகவே "டாக்எக்ஸ் என்பது ஐ.எஸ்.ஓ. சீர்தரம்தானே, அப்புறம் ஏன் லிப்ரே ஆபீஸால் சரியாகத் திறக்க முடியவில்லை?" என்று கேட்கிறவர் பார்க்கத் தவறுவது இதைத்தான். நம் கணினியில் உள்ள டாக்எக்ஸ் கோப்புகள் பெரும்பாலும், தற்காலிகம் என்று விடப்பட்ட அந்தப் பின்கட்டு வடிவில்தான் இருக்கின்றன.

ஆனால் அட்டவணை கலைய அது மட்டுமே காரணம் என்றால் அதுவும் பாதி உண்மைதான். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இங்கே கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். பல சமயம் உண்மையான காரணம் எழுத்துரு. 2007 முதல் பல ஆண்டுகள் வேர்டின் இயல்பு எழுத்துரு கலிப்ரி. அதை லினக்ஸோடு சேர்த்துத் தர உரிமம் இடம் தராது. எழுத்துரு இல்லாவிட்டால் மென்பொருள் வேறொன்றைப் போடும், ஒவ்வொரு எழுத்தின் அகலமும் இம்மி மாறும், வரி உடையும், கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குத் தாவும். கலிப்ரியின் அதே அகலங்களோடு கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவினாலே பாதிப் புகார்கள் காணாமல் போகும். இதைச் சொல்லித் தராமல் "மைக்ரோசாஃப்ட் சதி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு என்ன பயன்? லிப்ரே ஆபீஸிலேயே உள்ள வழுக்களும் உண்டு, அவையும் கணக்கில் வர வேண்டும்.

ஓ.டி.எஃப்பையும் சும்மா விடக்கூடாது. அதன் முதல் பதிப்புகளில் விரிதாள் சூத்திரங்களை எப்படி எழுதுவது என்ற வரையறையே சரியாக இல்லை. கூட்டல் சூத்திரம் ஒன்றைக் கோப்பில் எப்படிக் குறிப்பது என்று சொல்லாமல் விரிதாளுக்கு ஒரு சீர்தரம்! ஓட்டை இருந்தால் யாராவது அதன் வழியே போவார்கள் அல்லவா? 2009இல் ஆபீஸ் 2007இன் இரண்டாம் சேவைத் தொகுப்பு ஓ.டி.எஃப்பைத் திறக்கத் தொடங்கியது. ஆனால் ஓபன் ஆபீஸில் செய்த விரிதாளை அதில் திறந்தால் சூத்திரங்கள் போய், கடைசியாக வந்த விடைகள் மட்டும் நின்றன. கேட்டால், சீர்தரத்தில் சூத்திரம் இல்லையே என்றார்கள். சொன்னது உண்மைதான். மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த வழக்கத்தைப் பின்பற்ற அவர்களுக்கு மனமில்லை என்பதும் உண்மைதான். சூத்திரங்களுக்கு முறையான வரையறை ஓ.டி.எஃப். 1.2 பதிப்பில், 2011இல்தான் வந்தது. ஆறு ஆண்டுத் தாமதம்.

இதுவரை சொன்னது கோப்பு வடிவம் பற்றி. தமிழுக்கு வரும்போது அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஓ.டி.எஃப். பற்றிப் பேசும் ஆங்கிலக் கட்டுரைகளில் இது வரவே வராது. ஒரு கடிதத்தைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, மிகச் சுத்தமாக ஓ.டி.எஃப். வடிவில் சேமியுங்கள். கோப்பு வடிவம் நூறு சதவீதம் திறந்தது. உள்ளே? 'அம்மா' என்று திரையில் தெரிகிற இடத்தில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் பூச்சி எழுத்து. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டாது. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. எழுத்துருவின் பெயர்தான் திறவுகோல், அது தொலைந்தால் கோப்பும் தொலைந்தது.

1990களில் ஒவ்வொரு மென்பொருள் வியாபாரியும் தனித்தனிக் குறியாக்கம் வைத்திருந்தார். அவரிடம் எழுத்துரு வாங்கினால் ஆவணங்களும் அவரிடமே மாட்டிக்கொள்ளும். உலக நிறுவனம் செய்ததை இங்கே உள்ளூர் அளவில் செய்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கூச்சலுக்கு நடுவில் தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் பேசிப் பேசியே டிஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை வகுத்தார்கள். 1999இல் தமிழக அரசு டாப், டாம் இரண்டையும் அறிவித்தது. கடைசியில் ஒருங்குறி வென்றது. இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் எழுதியாக வேண்டும்: ஒருங்குறித் தமிழைச் சாதாரண மேசைக் கணினிக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு. ஒரே நிறுவனம் ஓரிடத்தில் சீர்தரத்தை வளைக்கிறது, இன்னோரிடத்தில் அதைப் பரப்புகிறது. தனக்கு ஆதாயம் எங்கே என்பதைப் பொறுத்தது அது. நிறுவனத்தை நல்லவன் கெட்டவன் என்று பிரித்துப் பார்ப்பதால் நமக்கு எதுவும் விளங்காது. எழுத்தை விண்டோஸ் காட்டியது என்றால், எளிதாகத் தட்டச்சு செய்ய வைத்ததில் கட்டணமில்லாமல் கிடைத்த எ-கலப்பைக்குப் பெரும் பங்குண்டு. இன்று ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் தமிழின் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் உட்கார வைப்பது ஹார்ஃபஸ் என்ற கட்டற்ற நிரல். பெயரைக்கூட நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருளை ஆதரித்தவர்கள் மீது எனக்கு உள்ள முக்கியமான விமர்சனம், அவர்கள் பெரும்பாலும் விலையை வைத்தே வாதாடினார்கள் என்பது. 2007 வாக்கில் சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் சூசி லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியபோது அது இந்திய அளவில் பேசப்பட்டது. துணிச்சலான முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் வெளியே போய்ச் சேர்ந்த செய்தி "இத்தனை கோடி மிச்சம்" என்பதுதான். விலைதான் வாதம் என்றால் எதிராளி விலையைக் குறைத்ததும் வாதம் செத்துப்போகும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கணினிகள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டோடும் வந்தன. மாணவர்கள் எதைத் திறந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. லினக்ஸில் என்ன செய்யலாம் என்று சொல்லித் தரும் ஆசிரியரோ பாடப்புத்தகமோ பெரும்பாலான பள்ளிகளில் இல்லை.

பக்கத்தில் கேரளத்தில் வேறு மாதிரி நடந்தது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றும் குனு/லினக்ஸை வைத்தே அமைந்தன. கூடவே ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்பையும் பார்த்துக்கொண்டது. அங்கே அரசுகள் மாறின, திட்டம் நின்றது. நம்மிடம் திறமை குறைவு என்பதல்ல. மொழிக்கணிமை ஆட்களும் கட்டற்ற மென்பொருள் ஆட்களும் இங்கே தனித்தனித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் என் கணிப்பு.

விதிகளில் பார்த்தால் நமக்குக் குறையே இல்லை. மின்னாளுகைக்கு ஒருங்குறிதான் என்று மத்திய அரசு 2009இல் அறிவித்தது. 2010 நவம்பரில் வந்த திறந்த சீர்தரக் கொள்கை, உரிமத்தொகை இல்லாததும் எல்லா இந்திய ஆட்சிமொழிகளுக்கும் இடம் தருவதுமான சீர்தரங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதே 2010 ஜூனில், செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது, டேஸ் 16ஐ மாற்று ஏற்பாடாக வைத்துக்கொண்டு. ஆணைகள் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும், அரசு அலுவலகங்களின் பழைய பி.டி.எஃப்களில் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். அரைப்புள்ளிகளாக வந்து கொட்டும்.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், தட்டச்சர்களுக்குப் பழைய விசைப்பலகைதான் கைப்பழக்கம் என்பது. நியாயமான பதில்தான். முப்பது ஆண்டுகள் ஓடிய விரலை ஒரு ஆணை மாற்றிவிட முடியாது. ஆனால் விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு. அதே பழைய தட்டச்சு முறையில் விரல்கள் ஓட, கோப்புக்குள் ஒருங்குறி விழும்படி செய்யும் கருவிகள் எ-கலப்பை முதல் என்.எச்.எம். ரைட்டர் வரை பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுவ ஐந்து நிமிடம். அதைத் தட்டச்சரிடம் யாரும் சொல்லவில்லை, அலுவலகக் கணினியில் மென்பொருள் நிறுவும் அனுமதியும் அவருக்கு இல்லை.

உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ இந்த நிலை இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்பது தெரிந்தால் பழைய கோப்புகளை மாற்றும் வழியை அடுத்த குறிப்பில் படிப்படியாகப் போடுகிறேன்.